செயல்படாத கையால் போட்ட கையெழுத்து

டெல்லியில், சரோஜினி நகர் மார்க்கெட்டை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு மோதி பாக் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு ரெக்ஸின் பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கம்பளி, பாதி தேய்ந்த சோப்பு. எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் ஸ்டேஷனுக்கு என்று சொல்லியிருப்பேன். ஸ்டேஷனிலிருந்து எங்கே என்பது, நான் போய்ச் சேரும்போது எந்த வண்டி புறப்பட நிற்கிறது என்பதைப் பொறுத்தது. என் வாழ்க்கையின் பெரும்பாலான முடிவுகளை இப்படித்தான் எடுத்திருக்கிறேன். யோசித்து எடுத்தவர்களைவிட மோசமாக ஒன்றும் ஆகிவிடவில்லை.

விட்டுவந்தது ஒரு தமிழ் மெஸ்ஸில் மாவரைக்கும் வேலை. முதலாளி பக்திமான். தினமும் காலையில் வேலையாட்கள் நான்கு பேரும் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக நின்று, முந்தின நாள் வடை எடுத்துத் தின்னவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். நான் தினமும் தின்றேன், தினமும் சத்தியம் செய்தேன். சாமி ஒன்றும் செய்யவில்லை. இருபத்து மூன்றாம் நாள் எனக்கே சாமிமேல் இரக்கம் வந்து கிளம்பிவிட்டேன்.

அது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பிப்ரவரி. அந்த வழியில் ஓர் அரசாங்கக் காலனி உண்டு. அதன் வாசலில் காலையில் இருபது முப்பது பேர் சார்ட்டர்ட் பஸ்ஸுக்காக நிற்பார்கள். மாதச் சந்தா கட்டியவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு நேராக அலுவலகங்களுக்குப் போகும் தனியார் பஸ் அது. பஸ்ஸில் யாருக்கு எந்த சீட் என்பது எழுதாத சட்டம். வருஷக்கணக்காக ஒரே ஜன்னல், ஒரே சீட்டுக்கட்டு, ஒரே எதிராளி. எட்டு ஐம்பதுக்கு வரும். ஒருவருக்காகவும் நிற்காது. மத்திய அரசாங்கத்தில் நேரத்துக்கு நடந்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கும்பலிலிருந்து நாலடி தள்ளி ஒருவர் தனியாக நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கோட்டு, மஃப்ளர், நெற்றியில் மெல்லிய திருநீறு. இடது கையில் பெட்டி, வலது கையில் டிபன் பை. நான் அவரைத் தாண்டும்போது டிபன் பை கீழே விழுந்தது. அவர் குனியவில்லை. அது வேறு யாருடைய பையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எடுத்துக் கொடுத்தேன். பையிலிருந்து வெளியே வந்திருந்த டப்பாவின் மூடியில் தமிழில் பெயர் வெட்டியிருந்தது. நம்ம ஊர் ஆள் என்று தெரிந்ததும் தமிழிலேயே, "இந்தாங்க சார்" என்றேன். அவர் வலது கையை நீட்டப் பார்த்தார். தோள் மட்டும் அசைந்தது. கை, ஈரத் துண்டு மாதிரி தொங்கியது. நான் பையை விரல்களில் மாட்டிவிட்டேன். மறுபடியும் விழுந்தது.

"காலையிலேயேவா சார்?" என்றேன்.

அப்படிக் கேட்டதற்கு நான் வெட்கப்படவில்லை. நான் வேலை பார்த்த ஊர்களில் தொங்கும் கைக்கும் குழறும் வாய்க்கும் ஒரே காரணம்தான் இருந்தது. அவர் கோபமாக ஏதோ பதில் சொன்னார். சொன்னது கோபம் என்பது கண்ணில் தெரிந்தது. வாயில் வந்தது, ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி ஒரு சத்தம். வாயின் வலது ஓரம் கீழே இறங்கியிருந்தது. நான் முகத்துக்குப் பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன். திருநீறும் பல்பொடியும்தான் வாசனை.

பஸ் வந்துவிட்டது. எல்லோரும் ஏறினார்கள். கண்டக்டர் கதவைத் தட்டிக்கொண்டு, "பாபுஜி, ஜல்தி! ஜல்தி!" என்று கத்தினான். இவர் பஸ்ஸைப் பார்த்தார், ஒரு அடி எடுத்து வைத்தார், நின்றார். ஜன்னலிலிருந்து ஒருவர், "நேத்து சீட்டுல தோத்த கோவம் இன்னும் போகலியா சார்?" என்று தமிழிலும் இந்தியிலும் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. பிறகு புறப்பட்டுப் போய்விட்டது. அவரோடு வருஷக்கணக்காகப் பயணம் செய்தவர்கள் முப்பது பேர் அவருடைய கோணிய முகத்தை நேருக்கு நேராகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எட்டு ஐம்பதுக்குக் கிளம்புகிறவர்கள், அவ்வளவுதான்.

நான் அவர் தோளைப் பிடித்தேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இடது கையால் காலனிக்குள்ளே காட்டினார். போகும்போது பெட்டி கீழே வைத்த இடத்திலேயே இருப்பதைத் திரும்பிப் பார்த்து, அதையும் எடுக்கச் சொல்லிச் சைகை செய்தார். வலது கால் லேசாக இழுத்தது. தரைத்தள வீடு. கதவைத் திறந்த அவர் மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வாய்வு" என்றார். "நேத்து அவ்வளவு பச்சப்பட்டாணி திங்காதீக, திங்காதீகன்னு சொன்னேன், கேட்டாகளா?"

திருநெல்வேலிப் பக்கம். டெல்லிக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகியும் பேச்சு ஊரைவிட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. ஓம வாட்டர் பாட்டிலைத் திறந்து ஒரு மூடி ஊற்றினார். பாதி உள்ளே போயிற்று, பாதி வலது ஓரமாக வழிந்து மஃப்ளரில் இறங்கியது. அவருக்கு இருமல் வந்தது. அப்போதுதான் அந்த அம்மாள் முகம் மாறியது.

"ஏய்யா, இது வாய்வு மாதிரித் தெரியலியே. டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போவோம். ஒரு கை பிடி."

"நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமேம்மா?"

"டிஸ்பென்சரிலருந்து ஸ்லிப் எழுதி வாங்காம எப்படிய்யா போக முடியும்?" என்றார், தலை இல்லாமல் எப்படித் தொப்பி போட முடியும் என்பதுபோல.

என் பையை அவர்கள் வீட்டு நாற்காலியில் வைத்திருந்தேன். அம்மாள் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அதோடு அன்றைய என் ரயிலும் பூட்டப்பட்டது.

அரசாங்க ஊழியர்களுக்கான அந்த டிஸ்பென்சரி காலனியின் மறு கோடியில். டோக்கன், பெஞ்சு, வரிசை. எங்களுக்கு முன்னால் இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் ஏழு பேர். வாய் கோணி ஒருவர் நிற்பதைப் பார்த்துப் பாதிப் பேர் வழிவிட்டார்கள். மீதிப் பேர் டோக்கன் எண்ணைக் காட்டினார்கள். உள்ளே இருந்த வயதான டாக்டர் ஒரே பார்வையில் விஷயத்தைப் புரிந்துகொண்டார் என்றே சொல்ல வேண்டும். வலது கை செயல்படவில்லை, பேச்சு குழறுகிறது, உடனே எமர்ஜென்சிக்குப் போகவும் என்று எழுதிக் கொடுத்தார். அதில் முத்திரை குத்திப் பதிவேட்டில் ஏற்ற வேண்டியவர் கிளார்க். அவர் ஸ்டாம்ப் பேடைத் தேடினார். ஒரு மேஜை டிராயரைத் திறந்தார், இன்னொன்றைத் திறந்தார். பிறகு முத்திரையை ஊதி ஊதி ஈரமாக்கினார்.

இதற்குள் அந்த மனிதருக்கு எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

வந்த விதம் வேடிக்கை. முதலில் மூக்கைச் சொறிந்தார், வலது கையால். பிறகு அந்தக் கையைத் தூக்கிப் பார்த்தார். "என்னவே பாத்துட்டு நிக்க?" என்று என்னைக் கேட்டார். தெளிவான, அதிகாரமான குரல். அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கிளார்க் பதிவேட்டைத் திருப்பி, "இங்கே ஒரு கையெழுத்து" என்றார். அவர் பேனாவை வாங்கி, தன் வலது கை செயல்படவில்லை என்று சொல்லும் வரிக்கு நேராக, வலது கையால், சுழித்து அடிக்கோடு இழுத்து அழகான ஒரு கையெழுத்துப் போட்டார்.

போட்ட பிறகுதான் படித்தார்.

"இது என்ன? கை செயல்படலன்னு போட்டிருக்கு?"

"அப்ப செயல்படல சார்," என்றேன்.

"இப்பம் செயல்படுதுல்லா? அப்ப இது பொய்த் தகவல்." கிளார்க்கிடம் இந்தியில், இதை ரத்து செய்யுங்கள் என்றார். அவர் ஏதோ ஓர் அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர், இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவரே கிளார்க்கிடம் சொன்னார். இல்லாத நோய்க்கு ஸ்லிப் வாங்கினார் என்று நாளை எவனாவது மொட்டைக் கடிதம் எழுதினால் விசாரணை வரும் என்றும் சொன்னார். பத்து நிமிஷத்துக்கு முன்னால் தன் பெயரைச் சொல்ல முடியாமல் நின்றவரின் ஒரே பயம் இதுதான்.

கிளார்க் அவரையும் மிஞ்சியவர். பதிவேட்டில் ஏறிய ஸ்லிப்பை இங்கே யாரும் ரத்து செய்ய முடியாது என்றார். எந்த ஆஸ்பத்திரிக்கு எழுதப்பட்டதோ அந்த ஆஸ்பத்திரி டாக்டர் 'தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அப்போதுதான் அது முடியும்.

செக்ஷன் ஆபீசர் தலையை ஆட்டினார். இந்த வாதம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. "ஆட்டோ பிடிவே," என்றார் என்னிடம்.

இப்படித்தான் அவர் எமர்ஜென்சிக்குப் போனார். உயிருக்குப் பயந்து போகவில்லை. ஸ்லிப்பை ரத்து செய்யப் போனார். அந்தக் கிளார்க்கை நான் இன்றும் நன்றியோடு நினைப்பதுண்டு. அவர் கொஞ்சம் நியாயமான ஆளாக இருந்திருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

எமர்ஜென்சி என்ற இடத்தில் ஒரு சாதி அமைப்பு இருக்கிறது. ரத்தம் ஒழுகுகிறவர்கள் மேலே. மயங்கிக் கிடப்பவர்கள் அடுத்தபடி. வலியில் கத்துகிறவர்கள் நடுவில். கோட்டும் மஃப்ளருமாகத் தன் காலில் நடந்துவந்து, தனக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்கிறவர் எல்லோருக்கும் கீழே. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். கடைசியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா வந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம், வெள்ளைக் கோட்டில் மஞ்சள் மருந்துக் கறை. ஸ்லிப்பில் இருந்த பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். டெல்லி மயூர் விஹாரில் வளர்ந்த தமிழ். பாதி இந்தி, கால் ஆங்கிலம்.

"அங்கிள், என்ன ஆச்சு? எப்போ ஸ்டார்ட் ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நீங்க எந்த ஊரு?"

"அப்பா கும்பகோணம். நான் போனதில்ல. என்ன ஆச்சு, சொல்லுங்க."

"அதான் சொன்னேனே. இதுல 'தேவையில்லை'ன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். எந்த எடத்துல போடணும்னு நானே சின்னதாப் பெருக்கல் குறி போட்டு வச்சிருக்கேன்."

"வாய்வும்மா," என்றார் அவர் மனைவி. "பச்சப்பட்டாணி."

டாக்டரம்மா அவர் கைகளைத் தூக்கச் சொன்னார், விரலை இறுகப் பிடிக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். விரலில் ஊசி குத்தி சர்க்கரை பார்த்தார். எல்லாம் சரி. அந்தப் பக்கம் போன பெரிய டாக்டர் நின்று, இரண்டு விநாடி பார்த்து, "சல் ரஹா ஹை, போல் ரஹா ஹை. கர் பேஜோ" என்றார். நடக்கிறார், பேசுகிறார், வீட்டுக்கு அனுப்பு. படுக்கை ஒன்றில் இரண்டு பேர் கிடந்த இடம் அது. அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது.

டாக்டரம்மா ஸ்லிப்பை மறுபடியும் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

"யாருமில்லம்மா. ரோட்டுல போய்க்கிட்டிருந்தேன்."

"ஆரம்பத்துல நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இருந்தேன்."

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். என் எதிரில் ஒரு படித்த ஆள் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் காவல் நிலையத்தில் ஒருமுறை நடந்திருக்கிறது, அதைச் சேர்க்கவில்லை.

கை துடித்ததா, இல்லை சும்மா தொங்கியதா? தொங்கியது. விரலில் ஆரம்பித்து மெதுவாக மேலே ஏறியதா, ஒரே அடியாகப் போனதா? ஒரே அடியாக. தலைவலி என்று நெற்றியைப் பிடித்தாரா? இல்லை. மயங்கினாரா? இல்லை. நாம் சொன்னது அவருக்குப் புரிந்ததா? புரிந்தது, பெட்டியை எடுக்கச் சொல்லிச் சைகை செய்தார். முகம்? வலது பக்கம் இறங்கியது. எத்தனை மணிக்கு?

"என்கிட்ட வாட்ச் இல்லம்மா. சார்ட்டர்ட் பஸ் வந்து நின்னப்போ கை விழுந்து ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும்."

"எட்டு ஐம்பது பஸ்," என்றார் செக்ஷன் ஆபீசர் தன்னை மறந்து. "லேட்டே ஆகாது."

"அச்சா," என்று எழுதிக்கொண்டார் டாக்டரம்மா. "இன்னிக்கு எனக்கு டைம் சொன்ன முதல் ஆள் நீங்க. அப்போ உங்களுக்கு என்ன தோணிச்சு?"

எதற்காக அதைக் கேட்டார் என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னேன். "குடிச்சிருக்காருன்னு நெனச்சேன். மோந்துகூடப் பாத்தேன்."

"எடு செருப்ப!" என்று எழுந்துவிட்டார் செக்ஷன் ஆபீசர். "இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல சோடா குடிச்சதில்லவே நான்!"

"ரோட்டுல போற தடியன், இவுகளப் போயி..." என்று அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆன்ட்டி, ஏக் மினட், சுப்பா, பேசாம இருங்க," என்றார் டாக்டரம்மா. "குடிச்சவர் மாதிரி தெரிஞ்சா பேச்சு அந்த அளவுக்குப் போயிருக்கு. அதுதான் எனக்கு வேணும்." பிறகு அவருக்குத் தெரிந்த தமிழில் விளக்கினார். துடித்திருந்தால் வலிப்பு என்று நினைக்கலாம். மெதுவாக ஏறித் தலைவலியும் வந்திருந்தால் ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம். சர்க்கரை குறைந்தாலும் இப்படி ஆகும். ஆனால் சர்க்கரை சரியாக இருக்கிறது. "அங்கிள், மூளைக்குப் போற ரத்தம் கொஞ்ச நேரம் அடைச்சுது. அப்புறம் திறந்துது. அதான் எல்லாம் திருப்பி வந்துது."

"வந்துட்டுதுல்லா? பொறவு என்ன?"

"அடுத்த தடவை திருப்பி வராமலே போகலாம். அந்தத் தடவை நாளைக்கே இருக்கலாம், இன்னிக்கே இருக்கலாம். கை போயிடும், பேச்சு போயிடும். நீங்க இங்க தங்கணும்."

அம்மாள் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டார். செக்ஷன் ஆபீசர் அசையவில்லை. அலுவலகத்தில் யாரோ தப்பான பிரிவை மேற்கோள் காட்டினால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

"அடுத்த தடவைங்கிறது உங்க அனுமானம். அனுமானத்துக்கெல்லாம் ஒரு அரசு ஊழியர் லீவு எடுக்க முடியாது. நான் போறேன்."

டாக்டரம்மா எழுந்தார். களைத்துப்போன குரலில், "சரி, போங்க. ஆனா டாக்டர் சொல்லியும் கேக்காம சொந்தப் பொறுப்புல போறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

அந்த மனிதரின் முகத்தில் அன்று முதன்முதலாக ஒரு வெளிச்சம் வந்ததை அப்போதுதான் பார்த்தேன். எழுதவா? அவருக்குச் சம்பளமே அதற்குத்தானே. வெள்ளைத் தாள் கேட்டார். கொடுத்த தாளில் ஓரம் மடங்கியிருக்கிறது என்று வேறு தாள் கேட்டார். இடது பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து மார்ஜின் விட்டார். காலையிலிருந்து என்னைத் தூக்கிவரச் செய்த பெட்டியை மடிமேல் வைத்து, அதன்மேல் தாளை வைத்து, ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தார். எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டும் அளவுக்குத்தான் வரும். ஆனாலும் முதல் இரண்டு வரிகள் அச்சடித்த கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தன என்று சொல்ல முடியும். தான் பூரண ஆரோக்கியத்தோடு இருப்பதாக எழுதுகிறார் என்று டாக்டரம்மா பின்னால் சொன்னார்.

மூன்றாவது வரி கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்தது. நான்காவது வரியில் எழுத்துகள் பெரிதாகின. 'ஹெல்த்' என்ற சொல்லின் பாதியில் பேனா தாளைவிட்டு இறங்கி, பெட்டியின் தோலில் ஒரு நீண்ட கோடு இழுத்து, தரையில் விழுந்தது.

"சார்?" என்றேன்.

வாயின் ஓரம் இறங்கியிருந்தது. கண் மட்டும் என்னையே பார்த்தது. காலையில் இருந்த கோபம் அதில் இல்லை. இந்தத் தடவை அவருக்கும் தெரிந்திருந்தது.

டாக்டரம்மா முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பது. பிறகு ஸ்டெதாஸ்கோப்பை அவர் கழுத்தின் இடது பக்கம் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டிக் கேட்டார். ஸ்ட்ரெச்சரைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் மறுபடியும் வந்த பெரிய டாக்டர், இந்தத் தடவை இரண்டு விநாடிக்கு மேல் நின்றார். படுக்கையே இல்லாத இடத்தில் படுக்கை ஒன்று உண்டாயிற்று. அம்மாள் ஓம வாட்டர் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்தார். "நோ, ஆன்ட்டி! வாய் கோணியிருக்கும்போது தண்ணிகூடக் குடுக்காதீங்க. லங்ஸுக்குப் போயிடும்," என்று டாக்டரம்மா அதைப் பிடுங்கினார். அம்மாள் காலியான கையை நீட்டியபடியே நின்றார். அதைப் பிடித்துக்கொள்ள அங்கே நான் மட்டும்தான் இருந்தேன். தடியன் என்று சொன்னதை அவரும் மறந்துவிட்டிருந்தார்.

பதினைந்து நிமிஷம் ஆயிற்று, இந்தத் தடவை. ஸ்கேன் அறை வாசலில் காத்திருந்தபோது விரல்கள் அசைந்தன. பிறகு வாய் நேராயிற்று. முதலில் அவர் சொன்னது கடவுள் பெயரோ மனைவி பெயரோ இல்லை.

"இன்னொரு தாள் குடுங்க. அது கெட்டுப்போச்சு."

"வேற தாள் கிடையாது அங்கிள், அதுவே எனக்கு வேணும்," என்றார் டாக்டரம்மா. அதை ஏற்கெனவே கேஸ் ஷீட்டோடு குண்டூசி குத்தி வைத்திருந்தார். நான் சொன்ன சாட்சியத்தைவிட அது பெரிய சாட்சி. இருபத்தெட்டு வருஷத்தில் அவர் எழுதியவற்றிலேயே அந்த நாலு வரிகள்தான் உள்ளது உள்ளபடி இருந்தன என்று நினைக்கிறேன்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. அம்மாள் ஸ்கேன் எடுத்தவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒண்ணும் இல்லையாம்! ஒண்ணும் இல்லையாம்!" என்று பக்கத்து ஸ்ட்ரெச்சர்காரர்களிடமெல்லாம் சொன்னார். டாக்டரம்மா அவரை ஓரமாக அழைத்துப்போய், ஒன்றும் தெரியவில்லை என்றால் ரத்தக்கசிவு இல்லை, மூளையில் இன்னும் எதுவும் சாகவில்லை என்றுதான் அர்த்தம், இனிமேல் சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். கழுத்தில் மூளைக்குப் போகும் குழாய் குறுகியிருக்கலாம். கேட்டபோது உள்ளே உராய்கிற மாதிரி சத்தம் வந்தது. அதற்குத் தனிப் படம் எடுக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து. எல்லாம் சொல்லிவிட்டு, "முக்கியம் என்னன்னா, அடுத்தது வந்தா உடனே எனக்குத் தெரியணும். யாராவது அவரைப் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார்.

அன்று முழுக்க அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் கொட்டாவி விட்டால் டாக்டரைக் கூப்பிட ஓடினார். டாக்டர் வந்து கேட்டால், இல்லையில்லை, வெறும் கொட்டாவி, வாய்வு என்றார். நான் வராந்தாவில் மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்களோடு படுத்துக்கொண்டேன். கம்பளி பூட்டிய வீட்டுக்குள் இருந்தது. குளிர்தான், ஆனால் பழக்கமான குளிர்.

மறுநாள் காலையில் அவரை ஆண்கள் வார்டுக்கு மாற்றினார்கள். பார்வை நேரம் தவிர மற்ற நேரத்தில் பெண்கள் அங்கே இருக்கக் கூடாது என்று வாசலில் இருந்தவர் அம்மாளைத் தடுத்தார். மகள் கல்யாணமாகி வெளிநாட்டில். சொந்தக்காரர்கள் இரண்டு நாள் ரயில் தூரத்தில். அலுவலக நண்பர்களுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்ததில், எல்லோரும் சாயங்காலம் ஆப்பிளோடு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

டாக்டரம்மா என்னைக் காட்டினார். "ஆன்ட்டி, இவரை வைங்க."

"இவனையா? இவுகளப் பாத்துக் குடிகாரன்னு சொன்னவன்."

"அதுக்குத்தான். என்ன பாத்தாரோ அதையே சொல்றார். வேற யாரும் இங்க அப்படிச் சொல்லல."

அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏய்யா, ஒனக்கு எங்கயாவது போகணுமா?"

யோசித்துப் பார்த்தேன். "அவசரமா இல்லம்மா."

"ரெண்டு வேளைச் சாப்பாடு வீட்டுலருந்து வரும். சம்பளமும் பேசிக்கிடலாம். கண்ண மட்டும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எடுக்கக் கூடாது."

மாவரைத்திருக்கிறேன், மூட்டை தூக்கியிருக்கிறேன், சாக்கடை அள்ளியிருக்கிறேன். ஒரு மனிதரைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்கு யாரும் அதுவரை என்னை வேலைக்கு வைத்ததில்லை. டாக்டரம்மா ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தார். அரை மணிக்கு ஒரு தடவை மூன்று காரியம். சிரிக்கச் சொல்ல வேண்டும், வாய் இரண்டு பக்கமும் சமமாகப் போகிறதா என்று பார்க்க. கண்ணை மூடி இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்ல வேண்டும், ஒரு கை இறங்குகிறதா என்று பார்க்க. ஒரு வாக்கியம் பேசச் சொல்ல வேண்டும். மணி போட்டு எழுத வேண்டும். எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்ததற்கு இந்த அளவு எழுத வரும்.

செக்ஷன் ஆபீசர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் ஊசி, ஸ்டாண்டில் பாட்டில். கோட்டு இல்லாமல் பார்த்தபோது ஆள் சின்னவராகத் தெரிந்தார். நான் ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"சார், சிரிங்க."

"என்ன?"

"டாக்டர் சொல்லியிருக்காங்க. சிரிக்கணும்."

"காரணமில்லாம எதுக்குவே சிரிக்கணும்?"

அதுவே ஒரு வாக்கியம்தான், தெளிவாகவும் இருந்தது. எழுதிக்கொண்டேன். பிறகு, வேறு வழியில்லாமல், அவர் பல்லைக் காட்டினார். சிரித்துப் பழக்கமில்லாத முகம் என்பது தெரிந்தது. ஆனால் இரண்டு ஓரமும் ஒரே உயரத்தில் நின்றன.

"கண்ண மூடி, ரெண்டு கையையும் நீட்டுங்க சார்."

கண்ணை மூடுவதற்கு முன் தன் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். மூடினார். இரண்டு கைகளும் எழுந்தன. பத்து வரை எண்ணச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. வாய்க்குள் எண்ணினேன். ஏழு எட்டில் அவரும் உதடசைத்து எண்ணுவது தெரிந்தது. பத்து. வலது கை இறங்கவில்லை.

"எறக்கலாம் சார்."

ஏழரை என்று கட்டத்தில் எழுதினேன். பிறகு எட்டு மணிக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டும், அவரைப் பார்த்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தேன்.